பதில் தெரியும், தாள் பாதி: சேலத்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் செயலாக்க வேகம் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே வகைச் சிக்கலோடு வரும் பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்து, பள்ளி ஆலோசகர்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் பயிற்சிக்காகக் கட்டிய மாதிரி நிகழ்வு இது. தனி ஒரு குழந்தையைக் குறிக்காது. பையனின் எண்கள் மாதிரிக்கு உரியவை. இடையில் வரும் ஆராய்ச்சி முடிவுகள் வெளியானவை.

வந்த காரணம்

வயது 13 ஆண்டு 4 மாதம். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, ஆறிலிருந்து ஆங்கில வழி. வீடு சேலம் சிவதாபுரம் பக்கம். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா வீட்டிலிருந்தே கொலுசுக்கு முத்து கோர்க்கிறார். வகுப்பாசிரியர் எழுதி அனுப்பிய குறிப்பில் இருந்தது ஒரே வரி: "மந்தமாக இருக்கிறான், எதையும் முடிப்பதில்லை."

அம்மா சொன்னது வேறு மாதிரி. "எல்லாம் தெரியுதுங்க மேடம். வீட்ல வாயால கேட்டா டக்குனு சொல்லிடறான். பரீட்சை ஹால்ல மட்டும் பேப்பர் பாதிதாங்க வருது." அப்பா கேட்டது ஒரே கேள்வி: "கை ஸ்லோன்னு தெரியுதுங்க. மூளையும் ஸ்லோவா?"

இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

சோதனைக் கருவியைத் திறப்பதற்கு முன் விடைத்தாள்களை வாங்கிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்ட கேள்விகளுக்கு உரிய மதிப்பெண் எவ்வளவு, அதில் வாங்கியது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இவனுடைய அரையாண்டுக் கணக்குத் தாளில் 100க்கு 41. தொட்ட கேள்விகளின் கூட்டு மதிப்பு 43. அதாவது 43க்கு 41 வாங்கியிருக்கிறான், மீதி 57 மதிப்பெண்ணுக்கான இடம் வெற்றுத்தாள். பாடம் புரியாத பிள்ளையின் தாள் இப்படி இருக்காது. அது எல்லாக் கேள்வியையும் தொட்டுப் பாதியில் தடுமாறி நிற்கும்.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இன்னொன்றும் தெரிந்தது. பேனா அழுத்தியதில் ஒவ்வொரு இலக்கமும் பின்பக்கம் புடைத்திருந்தது. பின்னக்கோடு ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறான். 7 சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே மூன்று முறை எழுதியிருக்கிறான்.

ஓராண்டுக்கு முன் ஒரு முகாமில் வகுப்பு முழுவதையும் உட்கார வைத்து 30 நிமிடத்தில் எழுதவைத்த குழுச் சோதனையில் இவனுக்கு 84 என்று ஓர் எண் கொடுத்து, 'மெதுவாகக் கற்பவர்' என்று முத்திரையும் குத்தியிருந்தார்கள். கோப்பில் முதல் பக்கமே அதுதான். அந்த எண்ணில் எவ்வளவு அறிவு, எவ்வளவு கடிகாரம் என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

முதலில் உடம்பு

மெதுவாக இருக்கும் பிள்ளைக்கு உளவியல் சோதனை இரண்டாவது வேலை. பார்வை, குறிப்பாகக் கிட்டப் பார்வைக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து குவிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தாயிற்று, செவித்திறனும் சரி. ஹீமோகுளோபின் 12.6 கிராம். 12 முதல் 14 வயதுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லை 12. தைராய்டு சரி. தூக்கம் இரவு பத்தரையிலிருந்து காலை ஆறரை வரை, எட்டு மணி நேரம்; இந்த வயதுக்குத் தேவையான 8 முதல் 10 மணியில் கீழ் விளிம்பு. விடுதியில் நாலரைக்கு எழுப்பிப் படிக்க வைக்கப்படும் பிள்ளை என்றால் எல்லாச் சோதனையையும் விடுமுறைக்குத் தள்ளிவைத்திருப்போம். தூக்கம் கெட்ட மூளையை அளந்து கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

மருந்துகளையும் கேட்க வேண்டும். சளிக்கு வாங்கிக் கொடுக்கும் பழைய வகை அலர்ஜி சிரப்பு மந்தமாக்கும். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் டோபிராமேட் செயலாக்க வேகத்தையே, அதாவது பார்த்ததைப் புரிந்துகொண்டு பதில் தரும் வேகத்தையே, குறைக்கும். இவனுக்கு எதுவும் இல்லை. நடுவில் ஐந்து பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறானா என்று ஆசிரியரைக் கேட்டோம். இருந்திருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் இ.இ.ஜி.க்கு அனுப்பியிருப்போம்; 'கவனமில்லாத பையன்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலர் உண்மையில் இந்த வகை வலிப்பு உள்ளவர்கள்.

எண்கள்

வைத்த சோதனை, குழந்தைகளின் அறிவுத்திறனைப் பகுதி பகுதியாக அளக்கும் வெக்ஸ்லர் குழந்தைகள் அளவுகோல், நான்காம் பதிப்பு. இரண்டு அமர்வு, காலை நேரம். வாய்மொழிப் பகுதியைத் தமிழ் கலந்து நடத்தியதால் அந்த எண்ணைத் தோராயமாகவே எடுத்துக்கொண்டோம். சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் பரவும் அளவு) 15 என்ற கணக்கில் சொற்புரிதல் 112, புலக்காட்சித் தர்க்கம் 115, வேலை நினைவு (வேலை முடியும் வரை விவரத்தை மனதில் பிடித்து வைப்பது) 99, செயலாக்க வேகம் 80.

உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் 35 புள்ளி வித்தியாசம். குறியீட்டெண்களுக்குள் இடைவெளி 23ஐ, அதாவது ஒன்றரைத் திட்ட விலக்கத்தைத் தாண்டினால், நான்கையும் கலந்து ஒரே ஐ.க்யூ. எண்ணாகச் சொல்வதைத் தவிர்ப்பது இந்தப் பதிப்பில் வழக்கம். முதல் இரண்டு குறியீடுகளின் ஆறு உட்சோதனைகளை மட்டும் வைத்துப் பொதுத் திறன் குறியீடு என்ற ஒன்றைக் கணக்கிடலாம். இவனுக்கு அது 116. நான்கையும் கலந்திருந்தால் 104 அருகே வந்திருக்கும். 'சராசரி, பிரச்சினை ஒன்றுமில்லை' என்று அனுப்பிவைத்திருப்பார்கள். முகாமின் 84 எவ்வளவு தப்போ, ஆறுதலாகத் தெரியும் 104ம் அவ்வளவு தப்பு. இரண்டுமே இந்தப் பையனில் இல்லாத ஒரு பையனைக் காட்டுகின்றன.

செயலாக்க வேகத்தின் 80 என்பது இரண்டு உட்சோதனைகளின் கூட்டு, ஒவ்வொன்றும் 120 நொடி. கோடிங் என்பதில் 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு குறி. மேலே உள்ள சாவியைப் பார்த்துக் கீழே கட்டம் கட்டமாக வரைய வேண்டும். சிம்பல் செர்ச்சில் வரைவது கிடையாது. இலக்குக் குறி வரிசையில் இருக்கிறதா இல்லையா என்று கண்டு ஒரு கோடு போட்டால் போதும். சராசரி 10, விலக்கம் 3 என்ற அளவில் கோடிங்கில் 5, சிம்பல் செர்ச்சில் 8. வரையும் வேலை கூடினால் விழுகிறான், குறைந்தால் எழுகிறான். இந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைத் தனியாக நம்ப முடியாது. அடுத்து எங்கே தோண்ட வேண்டும் என்று மட்டும் காட்டுகிறது.

கோடிங் நடக்கும்போது எண்ணை விடப் பையனைப் பார்க்க வேண்டும். ரப்பர் இல்லாத பென்சில்தான் தர வேண்டும். ரப்பர் கைக்கு வந்தால் இப்படிப்பட்ட பிள்ளை அதிலேயே அரை நிமிடத்தைத் தின்றுவிடும். 30 நொடிக்கு ஒரு முறை எங்கே இருக்கிறான் என்று நம் தாளில் குறித்துக்கொண்டோம்: 11, 9, 8, 7 கட்டங்கள். வர வர வேகம் குறைகிறது. சாவியை மனப்பாடமாக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு வேகம் நிலைக்கும் அல்லது கூடும். இவன் கடைசி அரை நிமிடத்தில் சாவியை அதிகம் பார்க்கவே இல்லை, ஆகவே குறிகள் மனதில் பதிந்துவிட்டன. ஆனாலும் கை தளர்ந்தது. நடுவில் இரண்டு முறை விரலை உதறிவிட்டான். தப்பு ஒன்றுகூட இல்லை.

வேகத்தைப் பிரித்தல்

'செயலாக்க வேகம்' என்ற பெயர் கொஞ்சம் பெருந்தன்மையாக வைத்த பெயர். கண் தேடுவது, மனம் முடிவெடுப்பது, கை வரைவது, தப்பாகிவிடுமோ என்று தயங்குவது என நான்கும் ஒரே ஸ்டாப்வாட்சுக்குள் போகின்றன. எது தின்கிறது நேரத்தை?

முதலில் வாயும் கையும். எஸ்.டி.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் சோதனை கோடிங்கைத் தலைகீழாக்கியது: குறியைப் பார்த்து இலக்கம் சொல்ல வேண்டும், நேரம் 90 நொடி. எழுதியும் செய்யலாம், வாயால் சொல்லியும் செய்யலாம். எழுதும்போது 31, வாயால் சொல்லும்போது 49. எல்லாப் பிள்ளைக்கும் வாய் கொஞ்சம் முந்தும். 18 எண்ணிக்கை முந்துவது மிக அதிகம். "வாயால கேட்டா டக்குனு சொல்லிடறான்" என்று அம்மா சொன்னதற்கு இது அளவு.

அடுத்தது எதிர்வினை நேரம். கலிபோர்னியாவில் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் பயன்படுத்திய பெட்டியில் நடுவில் ஒரு 'வீட்டுப் பொத்தான்', சுற்றிலும் அரைவட்டமாக விளக்குகளும் பொத்தான்களும் இருக்கும். விரல் வீட்டுப் பொத்தானில் காத்திருக்கும். விளக்கு எரிந்ததும் விரல் எழும் வரை ஆகும் நேரம் முடிவெடுக்கும் நேரம். எழுந்த விரல் இலக்கை அழுத்தும் வரை ஆகும் நேரம் அசைவு நேரம். ஸ்டாப்வாட்சால் பிரிக்க முடியாததை அந்த ஒரு பொத்தான் பிரித்துவிடுகிறது.

இதை ஒரு சாதாரண மடிக்கணினியில் செய்துகொள்ளலாம். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். திரையில் நான்கு பெட்டிகளில் ஒன்று நிறம் மாறும். கையை எடுத்து அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். ஸ்பேஸ் பாரிலிருந்து நான்கு விசைகளும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும்படி தேர்ந்தெடுத்து, மேலே வண்ண ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் விசை தேடும் நேரம் கலக்காது. பழக்கத்துக்கு 20 முறை, கணக்குக்கு 60 முறை. எச்சரிக்கைக்கும் விளக்குக்கும் இடைவெளி 1 முதல் 3 நொடிக்குள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடைவெளி என்றால் பிள்ளைகள் தாளம் பிடித்துவிடுவார்கள். 150 மில்லிநொடிக்குக் கீழே வந்தவை ஊகம், அவற்றை நீக்க வேண்டும். சராசரி வேண்டாம், இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுக்க வேண்டும். ஒரு தும்மல் சராசரியைக் கெடுத்துவிடும்.

கைபேசியில் செய்யக் கூடாது. தொடுதிரையின் தாமதம் கருவிக்குக் கருவி மாறும். 60 ஹெர்ட்ஸ் திரையே 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கிறது; அதோடு விசைப்பலகையின் தாமதமும் சேரும். ஆகவே இணையத்தில் யாரோ போட்ட 'சராசரி மனிதன்' எண்ணோடு ஒப்பிடுவது வீண். அதே வகுப்பில் அதே வயதில் 12 பேரைப் பெற்றோர் ஒப்புதலோடு அதே கணினியில் உட்கார வைப்பதே ஒரே வழி.

நான்கு தேர்வுப் பணியில் இவனுடைய முடிவெடுக்கும் நேரம் 345 மில்லிநொடி; வகுப்புத் தோழர்களின் நடு அளவு 338. அசைவு நேரம் இவனுக்கு 310, தோழர்களுக்கு 205. மனம் முடிவெடுப்பதில் பின்தங்கல் இல்லை. விரல் எழுந்த பிறகுதான் நேரம் போகிறது.

முறைக்கு முறை எவ்வளவு அலைகிறது என்பதையும் பார்த்தோம். பெரும்பாலும் வேகம், நடுநடுவே ஒரு நொடி தாண்டும் இழுவை என்ற வடிவம் கவனக்குறைவுக் கோளாறு, தூக்கமின்மை பக்கம் கை காட்டும். இவன் வரைபடம் ஒடுக்கமாக, நேராக இருந்தது.

மூன்றாவது, தயக்கம். முறைப்படியான மதிப்பெண்ணை எல்லாம் பூட்டிவைத்த பிறகு, நாங்களே தயாரித்த குறி தேடும் தாள் இரண்டைக் கொடுத்தோம். முதல் தாளுக்கு வழக்கமான அறிவுரை, 120 நொடியில் 21 வரிசை, தப்பு 0. இரண்டாவதற்கு "ரெண்டு மூணு தப்பு வந்தாலும் பரவாயில்ல கண்ணு, நிறைய முடி" என்று சொன்னோம். 29 வரிசை, தப்பு 2. பழக்கத்தால் இரண்டு மூன்று கூடியிருக்கலாம். எட்டு கூடாது. வேகத்துக்கும் துல்லியத்துக்கும் நடுவே ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் நிற்கிறோம். இவன் துல்லியத்தின் கோடியில் போய் நிற்கிறான். ஏன் என்று கேட்டபோது, அடித்தல் திருத்தல் இருந்தால் முழுப் பக்கத்தையும் பத்து முறை எழுத வேண்டும் என்ற ஆறாம் வகுப்புத் தண்டனையைச் சொன்னான்.

கடைசியாக எழுத்து வேகம். பழகிய தமிழ்ப் பாடப்பகுதியை ஐந்து நிமிடம் பார்த்து எழுதவைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிறு கோடு போடச் சொல்ல வேண்டும். முதல் நிமிடம் 38 எழுத்து, ஐந்தாவது நிமிடம் 24. தோழர்களின் நடு அளவு 62, அது ஐந்தாவது நிமிடத்திலும் பெரிதாக இறங்கவில்லை. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் சுற்றி வந்து பேனாவைப் பூட்டிக்கொள்ளும் பிடி. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கியிருந்தது.

நேரக் கட்டுப்பாடு இல்லாமல்

வடிவத் தொடரில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் ரேவனின் படிமக் கட்டங்கள் சோதனையில் 60 கணக்கு, 12 வீதம் ஐந்து தொகுப்பு. போகப் போகக் கடினம். நீலப் பேனாவில் தொடங்கச் சொல்லி, 20ஆவது நிமிடத்தில் ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பேனாவை மாற்றிக் கொடுத்தோம். நீலத்தில் 36 கணக்கு, 35 சரி. சிவப்பில் மீதி எல்லாவற்றையும் போட்டு 48ஆவது நிமிடத்தில் முடித்தான். மொத்தம் 60க்கு 50. முகாமின் 84 எப்படி வந்தது என்று இதற்குப் பிறகு ஊகிப்பது கடினமல்ல.

கடைசித் தொகுப்பில் ஒரு கணக்குக்கு ஒன்றரை நிமிடம் வரை உட்கார்ந்தான், பெரும்பாலும் சரியாக்கினான். இதற்கு ஆராய்ச்சியில் ஓர் இணை உண்டு. 2023இல் ஷிர்னர், டெகோ, ரிட்டர் ஆகியோர் மனித மூளை இணைப்புத் திட்டத்தில் பங்கேற்ற 650 பேரின் தரவை ஆராய்ந்தார்கள். அறிவுச் சோதனையில் உயர்ந்த எண் எடுத்தவர்கள் எளிய பணிகளில் வேகம். கடினமான கணக்குகளில் மற்றவர்களை விட மெதுவாக முடித்தார்கள், தப்பு குறைவாகச் செய்தார்கள். தேவையான துணுக்குகள் எல்லாம் கைக்கு வருமுன் முடிவுக்குத் தாவாமல் இருக்க அவர்களால் முடிகிறது என்பது ஆசிரியர்களின் விளக்கம்.

அப்படியானால் வேகத்துக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லையா?

இருக்கிறது. 'வேகம் வேறு, அறிவு வேறு' என்று பெற்றோரைத் தேற்றி அனுப்பிவிடுவது நேர்மையல்ல.

பிரான்சிஸ் கால்டன் 1884இல் லண்டனில் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களின் எதிர்வினை நேரத்தையும் பார்வையையும் பிடிவலுவையும் அளந்தார். கூர்மையான புலன், விரைவான நரம்பு, உயர்ந்த அறிவு மூன்றும் ஒன்றாகப் போகும் என்பது அவர் எண்ணம். 1901இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளார்க் விஸ்லர் மாணவர்களின் எதிர்வினை நேரத்தை அவர்கள் வகுப்புத் தரத்தோடு ஒப்பிட்டார், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) −0.02, அதாவது பூச்சியம். அந்தத் துறையே பல பத்தாண்டுகள் படுத்துவிட்டது. ஆனால் விஸ்லர் ஒவ்வொருவரிடமும் எடுத்தது சில முறை அளவீடுகள் மட்டுமே. எல்லோரும் வடிகட்டி எடுக்கப்பட்ட கல்லூரி மாணவர்கள் வேறு. திறன் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் கூட்டத்தில் எந்தத் தொடர்பும் சுருங்கித்தான் தெரியும்.

மக்கள்தொகையிலிருந்து சரியாக எடுத்தபோது படம் மாறியது. இயன் டியரியும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் மேற்கு ஸ்காட்லாந்தில் ஐம்பத்தாறு வயதை ஒட்டிய 900 பேர். எளிய எதிர்வினை நேரத்துக்கும் அறிவுச் சோதனைக்கும் −0.31, நான்கு தேர்வு எதிர்வினை நேரத்துக்கு −0.49. நேரம் குறைந்தால் மதிப்பெண் கூடும், ஆகவே எதிர்மறைக் குறி. நம் பையனுக்கு நாங்கள் நான்கு தேர்வுப் பணியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்: வெறுமனே விளக்கு எரிந்ததும் தட்டுவதை விட, எது என்று தெரிந்து தட்டுவதில் அறிவோடு உள்ள உறவு கூடுதல். கையே தேவைப்படாத 'காணல் நேரம்' சோதனையில் இரண்டு கோடுகளில் எது நீளம் என்று சில பத்து மில்லிநொடிகள் காட்டி மறைத்துவிட்டுக் கேட்பார்கள்; பதிலை ஆற அமரச் சொல்லலாம். அதிலும் −0.3 அளவில் ஒட்டுறவு வருகிறது, அளவீட்டுப் பிழைகளைத் திருத்தினால் −0.5.

காரணம் பற்றிப் பல கருத்து. டிமோதி சால்ட்ஹவுஸ் முதுமை ஆய்வுக்காக 1996இல் சொன்ன விளக்கம் வகுப்பறைக்கும் பொருந்தும்: முதல் படியின் விடை மனதிலிருந்து கலைவதற்குள் இரண்டாம் படி வந்து சேர வேண்டும், வேகம் குறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருக்காது. எங்கள் பையனின் வேலை நினைவு 99ல் நின்றதும், மனக்கணக்கில் தடுமாறாததும், அந்த வகை மெதுவல்ல இது என்பதற்குச் சான்று.

இப்போது அப்பாவின் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். ஒட்டுறவைத் தாராளமாக 0.5 என்றே வைத்துக்கொள்வோம். வேக எண் 80 என்றால் சராசரியிலிருந்து 20 கீழே. அதில் பாதி, 10 புள்ளி, அறிவு எண்ணிலும் குறையும் என்று எதிர்பார்க்கலாம், எதிர்பார்ப்பு 90. ஆனால் அந்த எதிர்பார்ப்பின் பிழை 15ஐ 0.866ஆல் பெருக்கிக் கிடைக்கும் 13. ஆகவே வேகம் 80 உள்ள நூறு பிள்ளைகளில் அறுபத்தெட்டு பேர் 77க்கும் 103க்கும் இடையில் இருப்பார்கள், மீதிப்பேர் அதற்கும் வெளியே. 116 தாண்டுபவர்கள் ஏறத்தாழ இரண்டு பேர். அபூர்வம், ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அபூர்வங்கள் இருந்தே தீரும். கூட்டத்துக்கு உண்மையான ஓர் ஒட்டுறவை ஒற்றைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டினால் எவ்வளவு தவறும் என்பதை 13 என்ற அந்த எண் சொல்கிறது.

பட்டறையில் பொடிக் கண்ணிகளைப் பற்றவைக்கும் ஆள் அவசரப்பட்டால் வெள்ளி உருகிக் கண்ணி அடைத்துக்கொள்ளும் என்று அப்பாவே சொன்னார். அந்த வேலையில் மெதுவான ஆளுக்குக் கூலி குறைவு, ஆனால் வேலை தெரியாதவன் என்று யாரும் சொல்வதில்லை என்றார்.

முடிவு எழுதிய விதம்

அறிக்கையில் எழுதியது: தர்க்கத் திறன் சராசரிக்கு மேல், முடிவெடுக்கும் வேகம் வயதுக்கு ஏற்றது, எழுத்தசைவு வேகம் குறைவு, நேரம் ஆக ஆக மேலும் தளர்கிறது, தப்புக்கு அஞ்சும் மிகைச் சரிபார்ப்பு. வாசிப்பில் குறை இல்லை. எழுதுவதில் கற்றல் குறைபாடு, டிஸ்கிராபியா, என்ற பக்கம் முறைப்படி சோதிக்கப் பரிந்துரை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஒன்று. பொதுத் தேர்வுச் சலுகைக்குத் தனியார் அறிக்கை போதாது, அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு வந்தபின் ஓடக் கூடாது. எட்டிலேயே தொடங்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: சான்று நடைமுறையில் ஐ.க்யூ. 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே அனுப்புவது வழக்கம். முகாமின் 84ஐ யாராவது அப்படியே சேர்த்திருந்தால் இவன் வாசலிலேயே நின்றிருப்பான்.

பன்னிரண்டு வாரம்

நோட்டை 20 பாகை சாய்வில் வைக்க ஒரு பலகை. பழைய பெரிய ஃபைல் அட்டையின் கீழ் மரத்துண்டு வைத்ததே போதுமானதாக இருந்தது. பிடியைத் திருத்த முக்கோணப் பென்சில். தினம் பத்து நிமிடம், அதுவும் பாடம் எழுதாமல் கோடும் சுழியும் மட்டும். பதின்மூன்று வயதில் பிடி முழுதாக மாறாது; வலி குறைந்து நீடித்து எழுத முடிந்தால் அதுவே இலக்கு. ஜெல் பேனாவுக்கு மாறியதில் அழுத்தம் தானாகக் குறைந்தது. தடித்த ரப்பர் உறை போட்ட பேனாவை வகுப்பில் கேலி செய்தார்கள் என்று இரண்டாம் நாளே கழற்றிவிட்டான். நாங்களும் வற்புறுத்தவில்லை.

பள்ளியிடம் கேட்டவை மூன்று. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் குறிப்பின் நகல். பத்து முறை எழுதும் தண்டனை இவனுக்குக் கிடையாது. உள்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். முதல் இரண்டும் உடனே நடந்தன. மூன்றாவதற்கு "எல்லா பேரண்ட்ஸும் கேப்பாங்க" என்றார்கள். 43க்கு 41 கணக்கை வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

கூடுதல் நேரம் கிடைத்த முதல் தேர்வில் எதிர்பாராத ஒன்று நடந்தது. மதிப்பெண் கூடவில்லை. கிடைத்த நேரத்தை எழுதியதையே மூன்றாம் முறை சரிபார்க்கச் செலவிட்டிருந்தான். தயக்கம் உள்ள பிள்ளைக்கு நேரத்தை மட்டும் கொடுத்தால் தயக்கம்தான் வளரும். அதற்குப் பிறகு தாளின் ஓரத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் முடிக்க வேண்டிய நேரத்தைப் பென்சிலில் எழுதிக்கொள்ளவும், முடித்த பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிடவும், கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் கிளிப்பைத் திறக்கவும் பழக்கினோம். பின்னக்கோட்டுக்கு ஸ்கேல் கூடாது. தப்பை ஒரே கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம் என்று கணக்கு ஆசிரியர் அவன் நோட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் சாய்வுப் பலகையை விட அந்தக் கையெழுத்து அதிகம் வேலை செய்தது என்பது எங்கள் கணிப்பு.

தமிழ்99 தட்டச்சும் தொடங்கியது. தேர்வில் இன்று உதவாது, கல்லூரியில் உதவும்.

அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் மூளை வேகம் கூடுமா என்று அம்மா கேட்டார், மாமா ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டாராம். வடோதராவில் 204 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்றாண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. அபாகஸ் கற்றவர்கள் கணக்குப் போடுவதில் முன்னேறினார்கள். அடிப்படை அறிவாற்றலில் மாற்றம் இல்லை. இவனுக்குக் கணக்கு ஏற்கெனவே வருகிறது. மூளைப் பயிற்சிச் செயலிகளிலும் பயிற்சி செய்த விளையாட்டில் எண் கூடும், அந்த விளையாட்டை விட்டு வெளியே வந்து பள்ளிப் பாடத்துக்குப் பரவுவதற்கு வலுவான சான்று இல்லை. லூமாசிட்டி நிறுவனம் விளம்பரத்தில் மிகைப்படுத்தியதற்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொன்னோம்.

பன்னிரண்டாம் வாரம்: எழுத்து வேகம் முதல் நிமிடம் 45, ஐந்தாம் நிமிடம் 39. ஏறியதை விட, விழாமல் நின்றது முக்கியம். கணக்குத் தாள், கூடுதல் நேரத்தோடு 76. வழக்கமான நேரம் முடிந்த இடத்தில் ஆசிரியர் கோடு போட்டு வைத்திருந்தார், அதுவரை 60. மடிக்கணினிப் பணியில் அசைவு நேரம் 310லிருந்து 290, முடிவெடுக்கும் நேரத்தில் மாற்றமில்லை. கோடிங்கை மறுபடி வைக்கவில்லை. வேகச் சோதனைகளில் பழக்கத்தின் விளைவு மற்றவற்றை விட அதிகம். மூன்று மாதத்தில் வைத்தால் கூடுகிற இரண்டு புள்ளியை வளர்ச்சி என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

முழு வெக்ஸ்லர் மறுசோதனை பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில். அதற்கு முன், ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில், எழுத்து வேகமும் நான்கு தேர்வுப் பணியும் மட்டும். சமூக அறிவியல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பத்தி பத்தியாக எழுத வேண்டிய அந்தத் தாளில் 60 நிமிடக் கூடுதல் போதவில்லை என்றால் அவன் சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தருக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பையனையும் சேர்த்து வைத்துப் பேச வேண்டும்.